முதல் வரி

மஞ்சள் அட்டை எங்கள் மாடிக்கு வரும்போது
மணி அநேகமாகப் பதினொன்று.
தேநீர் ஆறுவதற்குள் எல்லா மேசையும் சுற்றிவிடும்.
பெயர், தொகை, கையெழுத்து:
மூன்று கட்டம்.
நடுக்கட்டத்தைத்தான் எல்லோரும் படிப்பார்கள்.

நைரோபியில், இந்த நாலாம் மாடியில்,
ஒன்பது வருஷமாகச் சம்பளப் பட்டியல் போடுகிறேன்.
சாவு, கல்யாணம், சிசேரியன்,
எங்கோ ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கூரை,
மேலாளரின் சபைக்கு ஒலிபெருக்கி,
யாருடைய மைத்துனரோ தேர்தலில் நிற்கிறார்.
வந்த அட்டைக்கெல்லாம் எழுதியிருக்கிறேன்.
முகதாட்சண்யம் என்பது
சம்பளச் சீட்டில் காட்டப்படாத பிடித்தம்.

முதல் வரி எப்போதும் மேலாளர் முரியுகியுடையது:
ஐயாயிரம்.
அதற்குக் கீழே எழுதுவதெல்லாம்
எங்களுக்கு இன்னொரு வரி.
நியாபொகே ஆயிரம் எழுதிவிட்டு
பேனா மூடியைத் தேடுவதுபோல்
கொஞ்ச நேரம் குனிந்தே இருப்பாள்.
கடைசியில், தபால் கொண்டுபோகும் பராசா.
ஐந்நூறு.
ஒவ்வொரு சுழியும் பார்த்துப் பார்த்துப் போட்ட எழுத்து.

மறுநாள் காலை அதே எழுத்து
முன்பணப் படிவத்தில் என் மேசைக்கு வரும்.
தொகை: ஐந்நூறு.
காரணம்: சொந்தச் செலவு.

இரண்டு தாளையும் பார்க்கிறவள்
இந்தக் கட்டடத்தில் நான் ஒருத்திதான்.
யாரிடம் சொல்வது?
சம்பளம் போடுகிறவளுக்குக் கண் இருக்கலாம்,
வாய் இருக்கக் கூடாது.

ஏப்ரலில் ஒடேராவின் அப்பா செத்துப்போனார்.
உடலைச் சியாயாவுக்குக் கொண்டுபோக வேண்டும்,
ராத்திரி முழுக்க வண்டி.
அட்டையை இழுப்பறையில் பூட்டினேன்.
காலி மார்ஜரின் டப்பா ஒன்றுக்குக்
கத்தியால் வாய் கீறி அனுப்பினேன்.
பெயர் வேண்டாம், தொகை வேண்டாம்,
மனசுக்குத் தோன்றியதைப் போடுங்கள்.
நல்ல யோசனை என்றார்கள் எல்லோரும்.
மேலாளர் டப்பாவைக் குலுக்கிக்கூடப் பார்த்தார்.

மூவாயிரத்து நூற்று நாற்பது ஷில்லிங்.
ஒரு சட்டைப் பொத்தான்.
ஆயிரம் நோட்டு ஒன்றுகூட இல்லை.

ஒடேரா எண்ணவில்லை.
கனத்தை மட்டும் கையில் பார்த்துவிட்டு,
"இங்கே என்னை யாருக்கும் தெரியாதா, முதேயு?" என்றான்.
பெயர் எழுதாத கையில் ஈரமில்லை என்று
நான் சொல்லமாட்டேன்.
ஆனால் வண்டிக்காரன் ஈரத்தை வாங்கிக்கொள்வதில்லை.
கைக்கடிகாரத்தை விற்றான் என்று பிற்பாடு கேள்வி.
அதை எழுத எந்தத் தாளிலும் கட்டமில்லை.

ஜூனில் அட்டை மறுபடி கிளம்பியது.
செப்கிருயியின் குழந்தைக்கு இதயத்தில் ஓட்டை.
மேலாளர் அறைக்குப் போகும் வழியில்
மறித்து வாங்கிக்கொண்டேன்.
முதல் வரியில், கொட்டை எழுத்தில்:
முதேயு கிலோன்ஸோ, ஐம்பது.

மாடி முழுக்கச் சிரிப்பு.
எச்சில் கையால் காக்கை ஓட்டாதவள் என்று
அவர்கள் மொழியில் எதுவோ சொன்னார்கள்.
நியாபொகே சிரிக்கவில்லை.
நூறு எழுதினாள். பேனாவை உடனே மூடினாள்.
நடுவில் எங்கோ இடம் கிடைத்த மேலாளர்
கோபத்தில் ஆறாயிரமாக எழுதிவிட்டார்.
மீதியைச் செப்கிருயியிடம்
சாயங்காலம் கழிப்பறைக் கண்ணாடி முன்னால் கொடுத்தேன்.
எவ்வளவு என்று
இங்கேயும் சொல்லப்போவதில்லை.

கடைசி வரி பராசாவுடையது.
ஐம்பது.
அதே சுழிகள்.

மறுநாள் பதினொன்று வரை
படிவக் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
வந்தான். தபாலை வைத்தான்.
இன்றைக்குக் குளிர் ஜாஸ்தி என்றான்.
போனான்.